பியோன் என்ற சொல்லை வாப்பாவுக்கு நான் விளக்கியது

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் எங்களுக்கு ஒரு வேலை தந்தார்கள். ஒவ்வொரு மாணவனும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அது எங்கே பிறந்தது, எந்தெந்த நாட்டுக்குப் போனது, போன இடமெல்லாம் என்ன அர்த்தம் பெற்றது என்று தேடி எழுத வேண்டும். விரிவுரையாளர் இருபது முப்பது சொற்களைப் பலகையில் எழுதிவிட்டு விருப்பமானதை எடுக்கச் சொன்னார். மற்றவர்கள் கப்பலோடும் துணியோடும் மிளகோடும் சம்பந்தப்பட்ட சொற்களை எடுத்தார்கள். நான் பியோன் என்ற சொல்லை எடுத்தேன். ஏன் என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டதற்கு, சின்னச் சொல், சுருக்கமாக முடிந்துவிடும் என்றேன். அது பொய். என் வாப்பா கல்முனையில் ஒரு அரச கந்தோரில் இருபத்தெட்டு வருடம் பியோனாக இருந்தவர்.

இதை நான் எழுதுவது அந்தச் சொல்லுக்காக அல்ல. படித்தவன் என்ற தைரியத்தில் அந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாப்பாவுக்கு நான் செய்ததற்காக.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வாப்பா ஐந்தாம் வகுப்போடு சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை இழுக்கப் போனவர். பிறகு யாரோ ஒருவரின் தயவில் கந்தோருக்கு வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழ் மெதுவாக வாசிக்க வரும். சிங்களம் பேச வரும். ஆங்கிலத்தில் தன்னுடைய கையெழுத்து மட்டும் வரும். பாடசாலையில் எந்தப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்று கேட்டிருந்தாலும் நான் 'அரச ஊழியர்' என்று எழுதிவிடுவேன். இதில் பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

நூலகத்தில் இருந்த பெரிய அகராதி அந்தச் சொல்லை லத்தீன் மொழியில் கால் என்பதற்குரிய சொல்லில் இருந்து தொடங்கியது. குதிரையில் போகிறவன் ஒருவன் இருந்தால் நடந்து போகிறவன் ஒருவன் இருப்பான் அல்லவா, அந்த நடக்கிறவனுக்கு வைத்த பெயர் அது. படையில் அவன் காலாள். எங்கள் தமிழும் அவனைக் காலை வைத்தே அழைத்திருப்பதைக் கண்டு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சதுரங்கப் பலகையின் முன்வரிசையில் நிற்கிற காய்க்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயர் இதே சொல்லின் இன்னொரு உருவம். படைக்கு முன்னால் போய்ப் பற்றை வெட்டிப் பாதை போடுகிறவனுக்கு வேறொரு உருவம் கிடைத்தது. அதுதான் நாளடைவில், ஒரு துறையில் முதல் ஆளாக இறங்கியவரைப் புகழ்ந்து சொல்லும் பயனியர் என்ற சொல்லாக மாறியது. ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேர். ஒருவனைப் புகழ்கிறார்கள், ஒருவனை வெட்டக் கொடுக்கிறார்கள், ஒருவனிடம் தேத்தண்ணி கேட்கிறார்கள்.

போர்த்துக்கேயர் அந்தச் சொல்லைக் கப்பலில் இந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். ஆங்கிலேயர் அவர்களிடம் இருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் முதலில் அது ஆயுதத்தோடு நடந்த காவலாளைக் குறித்தது. பிறகு அவன் கையில் இருந்த ஆயுதம் போய்க் கடிதம் வந்தது. கடிதத்துக்குப் பின்னால் கோப்புகளும், கோப்புகளுக்குப் பின்னால் தட்டும் கோப்பையும் வந்தன. கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்பானியர் போய் இறங்கிய நாடுகளில், அதே சொல் தோட்டக் கூலியின் தலையில் ஏறியது. முதலாளியிடம் பட்ட கடன் தீரும் வரைக்கும் அந்த நிலத்தை விட்டு வெளியே போக முடியாத கூலி. அந்தக் கடன் தீராதபடி முதலாளிமார் பார்த்துக்கொண்டார்களாம். அந்த இடத்தை வாசித்த அன்று அகராதியை மூடிவிட்டு வெளியே வந்து நெடுநேரம் பைப்படியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன்.

எங்கள் நாட்டில் அரசாங்கம் அந்தச் சொல்லைக் கைவிட்டது வாப்பா வேலையில் இருந்தபோதுதான். இனிமேல் பியோன் என்று எழுதக் கூடாது, அலுவலக உதவியாளர் என்று எழுத வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்தக் கந்தோரின் வழக்கப்படி எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் அதை மேசை மேசையாகக் கொண்டுபோய், பார்த்ததற்கு அடையாளமாக எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வருவது பியோனின் வேலை. வாப்பாவும் கொண்டுபோனார். எல்லாரும் கையெழுத்து வைத்த பிறகு கடைசியில் அவரையும் வைக்கச் சொன்னார்களாம். அப்போதுதான் அவர், "இது என்ன விஷயம்?" என்று கேட்டிருக்கிறார். தன்னுடைய பெயர் மாறியதைத் தானே ஊர்வலமாகச் சுமந்து திரிந்ததை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"அப்ப இனி உங்கள எப்பிடிக் கூப்பிடுவாங்க?" என்று உம்மா கேட்டா.

"மணியடிச்சித்தான்" என்றார் வாப்பா.

தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வந்தது நான் பல்கலைக்கழகம் போன முதல் வருடம். மாப்பிள்ளை ஓர் ஆசிரியர். அவருடைய வாப்பா, என் வாப்பாவின் கந்தோரில் பதினொரு வருடம் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மணி அடித்தால் வாப்பா ஓடிப் போன அறை அவருடையது. வாப்பா கந்தோரில் கூப்பிட்டது போல நான் அவரைச் 'சேர்' என்றே இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர் கடைசி வரைக்கும் வரவில்லை.

இப்படியான இடத்தில் இருந்து எங்களைத் தேடி வருவார்கள் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. சேர் அதற்கு வளைக்காமல் காரணம் சொன்னார்.

"இருபத்தெட்டு வருஷம் கந்தோர்ட திறப்புக் கொத்து இந்த மனிசன்ட இடுப்புலதான் கிடந்திச்சு. அதுக்கு மேல என்னத்த விசாரிக்க?"

அன்றைக்கு முன்னறையில் கதிரைகள் போதுமான அளவு இருந்தன. எல்லாரும் இருந்தார்கள். வாப்பா மட்டும் உள்ளே போகிற கதவின் நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மீன் வியாபாரம் செய்கிற என் மாமா, உம்மாவின் தம்பி, சும்மா இருப்பவர் அல்ல.

"என்ன மச்சான், ஓடர் வந்தாத்தான் குந்துவீங்களோ?"

"நான்தான் ஓடர் போடுறன், இரிங்க" என்றார் சேர்.

"பரவால்ல சேர். நிக்கிறதுதான் எனக்கு லேசு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் கட்டிய வீட்டை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்வார்கள். வாப்பாவும் அப்படித்தான் செய்தார். முன்வீடு தங்கச்சிக்குப் போனது. வாப்பாவும் உம்மாவும் பின்பக்கம் இரண்டு அறை இறக்கி அதில் இருந்தார்கள். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு சேர் தன் மகனைப் பார்க்க வரும்போது, அவர் வந்தது மகன் குடியிருக்கிற வீடு, என் வாப்பா கட்டிய வீடு, இப்போது என் தங்கச்சிக்குச் சொந்தமான வீடு. அங்கே யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. வாப்பாவுக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை. சேருடைய ஸ்கூட்டர் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கேட்டதும் அவர் கேத்தலை அடுப்பில் வைப்பார்.

தங்கச்சி ஊற்றித் தந்தால் அவருக்குப் பிடிக்காது. தானே ஊற்றி, கோப்பைக்கு அடியில் பீரிஸ் வைத்து, தட்டில் கொண்டு வருவார். சேர் இடது கையால் எழுதுகிறவர். கந்தோரில் அவருக்கு வலப்பக்கத்தில்தான் கோப்பையை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதுகிற கை பட்டுக் கடுதாசியில் சிந்திவிடும். எங்கள் முன்னறையில் எழுத ஒன்றும் இல்லை. ஆனாலும் வாப்பா சுற்றி வந்து வலப்பக்கத்தில்தான் வைப்பார். வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் எடுத்து, பிறகுதான் திரும்புவார். கதவு நிலையில் போய் நின்றுகொள்வார். அதற்குப் பிறகுதான் கதை தொடங்கும்.

"அந்தப் பூனை ஞாபகம் இரிக்கா?" என்பார் சேர்.

"மறப்பனா சேர். காணி ஃபைலுக்குள்ளதானே குட்டி போட்டது."

"நான் அந்த ஃபைலக் கேட்டு நாலு நாள் நீங்க தரல்ல."

"குட்டி கண் முழிக்கல்லயே சேர்."

"மேலிடத்துக்கு நான் என்ன எழுதினன் தெரியுமா? கோப்பு கவனத்தில் உள்ளது எண்டு."

"பொய்யில்லயே சேர். நான்தானே கவனிச்சன்."

இரண்டு பேரும் விழுந்து சிரிப்பார்கள். மச்சான், அதாவது தங்கச்சியின் மாப்பிள்ளை, பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுவார். கதை அரை மணி, முக்கால் மணி ஓடும். ஒருவர் கதிரையில், ஒருவர் நிலையில்.

உம்மா பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பா. சேர் போனதும் தொடங்குவா. "சம்மந்தியச் சேர் எண்டு கூப்பிடுற மனிசன் இந்த உலகத்துல இவர் ஒராள்தான்."

"சம்மந்தியாகி ஒரு வருஷம். சேராகி எத்தினை வருஷம்? எது மூப்பு, நீயே செல்லு" என்பார் வாப்பா.

இதையெல்லாம் இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த நாட்களில் வரவில்லை. லீவில் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் தலைக்குள் அகராதி திறந்துகொள்ளும். தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற வாப்பா எனக்கு வாப்பாவாகத் தெரியமாட்டார். காலாளாகத் தெரிவார், முன்வரிசைக் காயாகத் தெரிவார், நிலத்தை விட்டுப் போக முடியாத அந்தக் கூலியாகத் தெரிவார். வகுப்பில் என் கட்டுரையை வாசித்துக் காட்டியபோது எல்லாரும் நல்லது என்றார்கள். இந்தச் சொல்லுக்குரிய மனிதர் யாராவது உங்களுக்குப் பழக்கமா என்று விரிவுரையாளர் கேட்டார். பாடசாலையில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், கோளாறு சொல்லிலும் இல்லை, வாப்பாவிலும் இல்லை என்று.

அதற்குப் பிறகு வந்த லீவில் ஒரு வெள்ளிக்கிழமை, வரிப்பத்தான்சேனையில் இருந்து சேருடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள் இரண்டு பேரும் அவரோடு வந்தார்கள். வயல்காரர்கள். அறுவடை முடிந்து ஒரு மூட்டை புது அரிசி கொண்டு வந்திருந்தார்கள். வாப்பா ஓடிப்போய் மூட்டையை இறக்கினார். வழக்கம்போலத் தட்டோடு வந்தார், வைத்தார், இரண்டடி பின்னால் எடுத்தார். அவர்களில் மூத்தவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, கொஞ்சம் குளிர்தண்ணியும் கொண்டாங்க" என்றார். வாப்பா அதையும் கொண்டு வந்தார். குடித்துவிட்டு அவர் சேரிடம், "எங்க, வீட்டுக்கார மனிசனக் காணல்லயே? சம்மந்தி ஊர்ல இல்லயா?" என்று கேட்டார்.

"தண்ணி தந்தது ஆரு எண்டு நினைச்சீங்க?" என்றார் சேர்.

அந்த மனிதர் பதறிப் போய் எழும்பி வாப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ்வே! மன்னிச்சிக்கங்க மச்சான். என்ட கண்ணுல மண் விழ!"

"அரிசி மூட்டையும் தூக்கினவன்தானே, கூலி தந்திட்டுப் போங்க" என்றார் வாப்பா. வீடே சிரித்தது. எல்லாரையும் விடக் கூடச் சிரித்தவர் அவர்தான்.

அவர்கள் போனதும் நான் பின்பக்கம் போனேன். வாப்பா கிணற்றடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தொடங்கினேன். மெதுவாகத்தான் தொடங்கினேன். அகராதியில் வாசித்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கால் என்பதில் இருந்து தொடங்கி, படை, சதுரங்கம், போர்த்துக்கேயர், ஆங்கிலேயர், கடன்பட்ட கூலி வரைக்கும். இந்தச் சொல்லை எப்போதும் மேலே இருந்தவன்தான் கீழே இருந்தவனுக்கு வைத்தான், கீழே இருந்தவன் யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இரிக்கா, மனே?"

"ஓம் வாப்பா."

"குதிரை இல்லாதவனுக்கு வெச்ச பேரு."

"ஓம்."

"எனக்குச் சைக்கிள் இருந்திச்சே."

அவர் சிரிப்பதற்காகத்தான் அதைச் சொன்னார். என்னையும் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் அந்த இடத்தில் சிரித்திருந்தால் இந்த எழுத்தே இல்லை.

"சிரிக்காதீங்க வாப்பா" என்றேன். "பென்சன் எடுத்து ஆறு வருஷம். இன்னம் நீங்க பியோன்தான். உங்கட மகள்ட வீட்டுல வந்தவன் போனவன் எல்லாம் உங்களட்டத் தண்ணி கேக்கிறான். உங்களுக்கு விளங்கல்ல. எங்களுக்கு வெக்கமா இரிக்கி."

வாப்பா கிணற்றுக் கட்டில் இருந்த தட்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளை விரலால் வழித்துவிட்டு, சுவரில் சாய்த்து வைத்தார்.

"சரி, மனே" என்றார். "இனி எடுக்கல்ல."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சிறு வயதில் ஒரு தடவை பணம் கட்டக் கந்தோருக்குப் போனபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். உள்ளே இருந்து யாரோ எதையோ சொல்ல, வாப்பா 'சரி சேர்' என்றது அதே குரலில்தான். நான் அவரைப் பியோன் வேலையில் இருந்து விடுவிக்கப் போனேன். கடைசியில் அவருக்கு உத்தரவு போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா சேர்ட்டு போட்டுக்கொண்டு முன்னறையில் கதிரையில் இருந்தார். சேர் வந்தபோது எழும்பி ஸலாம் சொல்லி மறுபடியும் இருந்தார். இரண்டு கையும் முழங்காலில். சேர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார், சந்தோஷப்பட்டது போலவும் இருந்தது. தேத்தண்ணியை நான் கொண்டு வந்தேன். சேருக்கு எவ்வளவு சீனி என்று எனக்குத் தெரியாது, கேட்டுப் போட்டேன்.

அன்றைக்குக் கதை வரவில்லை. வெயிலைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள். சேர் பூனையை இழுத்துப் பார்த்தார். வாப்பா, "ஓம், ஓம்" என்றார், அவ்வளவுதான். அவருடைய பார்வை மேசையில் இருந்த வெறும் கோப்பைக்கும் கதவுக்கும் இடையில் போய்ப் போய் வந்தது. கோப்பையை எடுக்க உடம்பு ஒரு தடவை எழும்பப் பார்த்தது. என்னைப் பார்த்துவிட்டு அடங்கியது. கால் மணியில் சேர் புறப்பட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவுக்கு வெளியில் வேலை வந்தது. அஸருக்குப் பிறகும் பள்ளிவாசலிலேயே இருந்துவிடுவார். இல்லாவிட்டால் ஒலுவில் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று சைக்கிளை எடுப்பார். வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் மீன் வரும்போது ஒலுவிலுக்கு ஏன் போக வேண்டும் என்று உம்மா கேட்டா. அங்கே மீன் உசிரோடு இருக்கும் என்றார். பல நாட்களில் வெறுங்கையோடுதான் வந்தார். சேர் முதலில் வாராவாரம் வந்தார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு மகனும் மருமகளும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரத் தொடங்கினார்கள். எல்லாம் மரியாதையாக, சத்தமில்லாமல் நடந்தது. எனக்கு முதலில் திருப்தியாகக் கூட இருந்தது. வாப்பாவை நிமிர்த்தி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு வருடம் கூட ஆகவில்லை. ஒரு காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்த வாப்பா நெஞ்சு இறுக்குகிறது என்று சொல்லி முற்றத்தில் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். பரீட்சையைப் போட்டுவிட்டு நான் வந்து பக்கத்தில் நின்றேன்.

மூன்றாம் நாள் பகல், பார்க்கிற நேரத்துக்கு சேர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்க். வாப்பா அவரைக் கண்டதும் கட்டிலில் எழும்பப் பார்த்தார். சேர் தோளில் கையை வைத்து அமர்த்திவிட்டார். நான் அந்த நேரம் மருந்துத் துண்டோடு வெளியே இருந்து வந்தேன், வாசலில் நின்றேன். சேர் பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். வாப்பா இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கூடிப் போச்சு, சேர்" என்றார்.

"எனக்கு ஆர் பழக்கினது?" என்றார் சேர்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ மாதம் கேட்கவில்லை. உள்ளே போனால் அது நின்றுவிடும் என்று பயந்து வாசலிலேயே நின்றேன்.

சேர் வெளியே வந்து என்னைக் கண்டார். கோபம் இல்லாமல்தான் கதைத்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையில நான் என்னத்துக்கு வந்தன் எண்டு நினைச்சீங்க?"

"மச்சானப் பாக்க."

"அவனத்தான் கலியாணம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் பாத்தனே. நான் வந்தது உங்கட வாப்பாவோட கதைக்க. பென்சன் எடுத்தா ஆரும் நம்மளோட கதைக்கிறல்ல. எனக்கிட்டப் பொய் சொல்லாத மனிசன் அந்தக் கந்தோர்ல அவர் ஒராள்தான் இருந்தார். அவர் நிண்டுதான் கதைப்பார். நானும் ஆயிரம் தரம் இரிங்க எண்டு செல்லிப் பாத்துட்டு விட்டுட்டன்." பிளாஸ்க் மூடியைத் திருகி இறுக்கினார். "நீங்க அவர இருத்திட்டீங்க."

கிணற்றடியில் நான் சொன்னதை வாப்பா அவரிடம் சொல்லியிருக்கமாட்டார். சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கே நான் வாப்பாவிடம் பொருத்தம் கேட்டிருக்க வேண்டும். பொருத்தம் கேட்பது என்றால், நான் உங்களை நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று வாயால் கேட்பது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். மனதுக்குள் வருத்தப்பட்டால் மட்டும் போதாது. நோகடித்தவன் கேட்க வேண்டும், நொந்தவர் பொருந்தினேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் படுக்கையில் கிடக்கிறவரிடம் போய் அதைக் கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். தனக்கு முடிவு வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு டொக்டர் சொல்லிவிட்டார் என்று அவர் எடுத்துக்கொள்வார். உம்மாவிடம் கேட்டேன்.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இரி" என்றா. "மனிசன் நல்லா வாறார். பொருத்தம் கிருத்தம் எண்டு போய் நிண்டா பயந்துருவார். வீட்டுக்கு வரட்டும், ஆறுதலாக் கேளு. என்னத்துக்கு இப்ப பொருத்தம்? என்ன செஞ்ச நீ?"

வீட்டுக்கு வரட்டும் என்று நானும் நினைத்தேன். அந்த ஆறு நாளும் அவர் பக்கத்தில் இருந்து என்னென்னவோ கதைத்தேன். பரீட்சையை அடுத்த தரம் எழுதலாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் வெள்ளிக்கிழமை சேரை வரச் சொல்லுவோம் என்றேன். "நீங்களே தேத்தண்ணி ஊத்துங்க வாப்பா, எனக்குச் சரி வருதில்ல" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ படிக்கிற புள்ள, உனக்கு என்னத்துக்கு அந்த வேல" என்றார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பொருந்தியதும் இருக்கலாம், பொருந்தாததும் இருக்கலாம். ஒன்பதாம் நாள் பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் வாப்பா மவுத்தானார்.

ஜனாஸா அன்று அஸருக்குப் பள்ளிக்குப் போனது. சந்தூக்குப் பெட்டியை முன்னால் வைத்து ஸஃப் கட்டி வரிசையாக நிற்கும்போது எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மவுத்தானவரின் மூத்த மகன் முன்னால் வந்து, அவருக்காக எல்லாரிடமும் பொருத்தம் கேட்க வேண்டும். இமாம் கையைக் காட்டினார். நான் போய் நின்றேன். கந்தோர் ஆட்கள் முழுக்க வந்திருந்தார்கள். பெரிய அதிகாரிகளும் இருந்தார்கள். கல்முனை வேதக்கோயில் பக்கத்தைச் சேர்ந்த, அவரோடு வேலை செய்த கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் வரிசையில் சேர் நின்றார்.

"எங்கட வாப்பா ஆரையாவது நோகடிச்சிருந்தா, வாயாலயோ கையாலயோ, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க" என்றேன்.

"பொருந்திட்டம்" என்றார்கள். ஒரே குரலாக வந்தது. பின்வரிசையில் யாரோ, "அந்த மனிசன் ஆர நோகடிச்ச?" என்று தனக்குத் தானே சொல்வது போல் சொன்னார். சேர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் நகராமல் அங்கேயே நின்றுவிட்டேன் போல இருக்கிறது. இமாம் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"வேறென்னவும் செல்ல இரிக்கா, மனே?"

இருந்தது. இவ்வளவு பேரில் யாராவது அவருக்குப் பதிலாக எனக்குச் சொல்லிவிட முடியுமா என்று கேட்க இருந்தது. முடியாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

"இல்ல" என்றேன்.

சேர் கொஞ்சம் நகர்ந்து முதல் வரிசையில் எனக்கு இடம் விட்டார். நான் போய் நின்றேன். இமாம் தொழுகையைத் தொடங்கித் தக்பீர் சொன்னார்.